அடுதல், இறக்குதல், காய்ச்சுதல், வாங்குதல்

1

தமிழில் கள்ளைப் பற்றியும் சாராயத்தைப் பற்றியும் எழுதப்பட்டவற்றை ஓரிடத்தில் குவித்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடிப்பவனைப் பற்றியவை. திருக்குறளின் 93ஆம் அதிகாரத்திலிருந்து மதுவிலக்கு மேடை வரை, கூத்துக் கோமாளியிலிருந்து திரைப்படக் குடிகாரன் வரை பேசப்படுவது குடிப்பவனின் தள்ளாட்டம், அவன் மனைவியின் கண்ணீர், அவன் பிள்ளையின் பசி. எதிர்ப்பக்கம் நின்று குடியைக் கொண்டாடியவர்களும் கொண்டாடியது குடிப்பவனைத்தான். ஆக்கியவர் யார்? என்ன பானையில், எத்தனை நாள், எதைச் சேர்த்து ஆக்கினார்? இந்தக் கேள்விகளுக்கு நம் அறச் சொல்லாடலில் இடமில்லை. ஆக்குபவர் அதற்குள் நுழைய ஒரே வாசல்தான் உண்டு. அது குற்றப்பத்திரிகை.

அறம் மறந்ததை மொழி மறக்கவில்லை. சங்கப் பிரதிகளில் கள் அடப்படுகிறது. சோற்றுக்கும் அதே வினைதான். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் கள் இறக்கப்படுகிறது. சாராயம் காய்ச்சப்படுகிறது. சரி, பீருக்கு என்ன வினை? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் பீரை அடுவதில்லை, இறக்குவதில்லை, காய்ச்சுவதுமில்லை. வாங்குகிறோம், அவ்வளவுதான். ஒரு சமூகத்தின் பேச்சில் ஒரு பானத்துக்கு 'வாங்கு' என்ற வினை மட்டுமே மிஞ்சியிருந்தால், அந்தச் சமூகத்துக்கும் அந்தப் பானத்துக்கும் இடையே என்னவோ நடந்திருக்கிறது என்று பொருள்.

அந்த 'என்னவோ'வைத்தான் இங்கே வரலாறாக எழுதிப் பார்க்கிறேன். மதுவிலக்கும் மதுக்கடையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பது நம் பொதுப்புத்தி. ஒரு கட்சி மூடுகிறது, இன்னொரு கட்சி திறக்கிறது, நாமும் எழுபது எண்பது வருஷமாக இந்த ஊசலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆக்குபவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே காரியத்தையே செய்திருப்பது தெரியும். ஆக்கும் அறிவை வீட்டிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் பிடுங்கியதே அந்தக் காரியம்.

2

எம்.ஏ. தமிழ் படித்தபோது பெரும்பாணாற்றுப்படை பாடமாக இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, 500 அடி. பாணன் போகிற வழியெல்லாம் உபசாரம். எயினர் வீட்டில் ஒன்று, உழவர் வீட்டில் ஒன்று, அந்தணர் வீட்டில் ஒன்று. வலைஞர் குடியிருப்பு வந்ததும் எங்கள் ஆசிரியர் ஏழெட்டு அடிகளைத் தாண்டிப் போனார். "இது தேர்வுக்கு வராது, மேலே போவோம்" என்றார். அவர் தாண்டிய அந்த அடிகளில்தான், நான் அறிந்த அளவில், தமிழின் மிக விரிவான கள் செய்முறை இருக்கிறது.

செய்முறையை என் சொல்லில் தருகிறேன். நன்றாகத் தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்ட வேண்டும். அகன்ற வாயுடைய தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். ஆறிய களியில் 'நல்லடை' என்ற ஒன்றைப் பிசைந்து சேர்க்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு வாயிறுகிய சாடியில் வைக்க வேண்டும். விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்ட வேண்டும். சுட்ட மீனோடு அதைப் பாணனுக்குக் கொடுக்கிறார்கள்.

அந்த நாட்களில் பெங்களூரில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். அங்கே அப்போது உணவகத்துக்குள்ளேயே பீர் ஆக்கி விற்கும் சின்னச் சின்ன ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் பீர் எப்படி உண்டாகிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தான். பார்லியை ஊறவைத்து முளைக்க விடுவார்கள். முளைத்ததைச் சூட்டில் உலர்த்தி உடைப்பார்கள். வெந்நீரில் கலந்து வைத்தால் மாவு சர்க்கரையாகும். வடிகட்டிய சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து ஆற்றி, ஈஸ்ட் இட்டால் சர்க்கரை சாராயச் சத்தாக மாறும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நல்லடை ஞாபகம் வந்தது. நச்சினார்க்கினியர் உரையை எடுத்துப் பார்த்தேன். அவர் அதை இடித்த முளை என்று கொள்கிறார். நண்பன் பார்லியை வைத்துச் சொன்னதை உரைகாரர் நெல்லை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஆக, பீரைப் பற்றிய என் முதல் பாடம் பாட்டிலில் கிடைத்ததல்ல, பத்துப்பாட்டில் கிடைத்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழச்சாறோ பனஞ்சாறோ தானாகவே புளித்துக் கள்ளாகிவிடும். ஏற்கெனவே அதில் சர்க்கரை இருக்கிறது. தானியத்தில் இருப்பது மாவு. மாவை ஈஸ்ட் நேராகத் தின்னாது. யாராவது முதலில் அதைச் சர்க்கரையாக்கித் தர வேண்டும். உலகம் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகளைக் கண்டது. மேற்காசியாவும் ஐரோப்பாவும் முளையைப் பயன்படுத்தின. சீனமும் தென்கிழக்காசியாவும் பூஞ்சணத்தைப் பயன்படுத்தின. அரிசி மாவையும் செடிகொடிகளையும் பிசைந்து வில்லையாகத் தட்டிப் பூஞ்சணம் பிடிக்கவைத்து உலர்த்தி வைப்பார்கள். சிக்கிமில் இன்றும் மார்ச்சா என்ற பெயரில் அந்த வில்லை சந்தையில் கிடைக்கிறது. 1892இல் சைகோனில் இருந்த பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெத் இப்படிப்பட்ட வில்லையிலிருந்துதான் மாவைச் சர்க்கரையாக்கும் பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்தார்.

உருத்திரங்கண்ணனார் நல்லடைக்கு ஓர் உவமை சொல்கிறார். பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி போல அது இருக்கிறதாம். குரும்பி என்றால் புற்றாஞ்சோறு. கறையான்கள் புற்றுக்குள்ளே பூஞ்சணம் வளர்க்கும் தோட்டம் அது. துளைதுளையாக, வெள்ளைப் பொட்டுகளோடு இருக்கும். முளைவிட்டு வேரோடு வேர் பின்னிய நெல்லும் அப்படித் தோன்றலாம். உரைகாரரின் வாசிப்புக்கு இடையூறில்லை. ஆனால் 'அடை' என்ற சொல்லும், புறத்தோற்றம் அழகாக இருப்பதாகச் சொல்லும் அடைமொழியும், பூஞ்சணத் தோட்டத்தோடு ஒப்பிடும் உவமையும் சேர்ந்து நிற்கும்போது, பூஞ்சணம் பிடித்த வில்லை என்ற வாசிப்புக்கும் பிரதி இடம் கொடுக்கிறது. இது என் வாசிப்பு. இதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் இப்படி ஒரு கேள்வியே நூற்றாண்டுக் காலத் தமிழ் வகுப்பறையில் எழவில்லையே, அது ஏன்? உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்தார். அன்றிலிருந்து இந்த அடிகள் அச்சில் இருக்கின்றன. பாடிய புலவருக்கும் உரைகாரருக்கும் கூச்சமில்லை. கூச்சம் பிற்பாடு வந்தது.

அதே பாட்டில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஆநிரை கவர்ந்து வந்த மறவர் வீட்டில் ஆக்கிய தோப்பியைக் குடிக்கிறார்கள். தோப்பி என்பது நெல்லில் செய்த கள். வீட்டுக் கள்ளுக்கென்றே தமிழில் தனிச்சொல் இருந்திருக்கிறது. பட்டினத்தைப் பாடும் பகுதியிலோ கள் அடும் பெண்களே வருகிறார்கள். அவர்கள் பாத்திரம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகி, பன்றிகள் அதில் புரளுகின்றன. ஆக்குபவர் பெண், ஆக்கும் இடம் வீடு, கழுநீர் பன்றிக்கு. பொருளாதாரம் முழுவதும் நாலைந்து அடியில் வந்துவிடுகிறது.

இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. சுமேரியர் பீருக்கு வைத்திருந்த தெய்வம் நின்காசி என்ற பெண். இங்கிலாந்தில் 1300 முதல் 1600 வரை ஏல் என்ற வீட்டு பீரை ஆக்கிய பெண்களைப் பற்றி ஜூடித் பென்னட் 1996இல் ஒரு நூல் எழுதினார். ஹாப்ஸ் சேர்த்த பீர் கெடாமல் நெடுந்தூரம் போகத் தொடங்கியதும் அதில் லாபம் வந்தது. லாபம் வந்ததும் முதல் வந்தது, சங்கம் வந்தது, உரிமம் வந்தது, பெண்கள் வெளியேறினார்கள். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். நம் ஊர்க் கள் அடு மகளிர் எப்போது, எப்படி வெளியேறினார்கள் என்று ஒரு தமிழ் ஆய்வேடு எழுதப்பட வேண்டும்.

3

பீர் சுவைப்பவர்களுக்கு இன்று ஒரு சக்கரம் உண்டு. மார்ட்டன் மீல்கார்ட் என்ற விஞ்ஞானி 1970களில் வரைந்தது. பழவாடை, பூவாடை, கருகல், புளிப்பு, கசப்பு என்று பீரில் தோன்றக்கூடிய வாசனைகளையும் சுவைகளையும் வட்டமாக அடுக்கி, ஆளுக்கொரு சொல் பேசாமல் எல்லோரும் ஒரே சொல் பேச அது வழிசெய்தது. நண்பன் அதன் படத்தைக் காட்டியபோது எனக்கு ஒரு பொறாமை வந்தது. நம்மிடம் குடியைப் பற்றிச் சொல்ல என்ன சொல் இருக்கிறது? 'ஏறும்', 'ஏறாது'. இந்த இரண்டைத் தவிர?

இருந்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படை ஒரு தேறலைச் சீறிய பாம்பின் வேகத்தோடு ஒப்பிடுகிறது. புறநானூற்றில் அதியமான் மகனைப் பாடும் ஔவை, நாள்பட்ட தேறலின் கடுமையைத் தேள் கொட்டுவதோடு ஒப்பிடுகிறார். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர் மண்ணில் புதைத்து முதிரவைத்த மட்டைச் சொல்கிறார். மலைபடுகடாம் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறலைச் சொல்கிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர் யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைச் சொல்கிறார். 1945இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த மதுச்சாடி ஓடுகள் அதற்குச் சாட்சி. நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி என்று பெயர்களும் பல. பழைய இலக்கியத்துக்கே உரிய ஆடம்பரம் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. எதில் ஆக்கியது, எங்கே வைத்தது, எத்தனை நாள் ஆனது, நாக்கில் எப்படி இறங்கியது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இவற்றில் கிடைக்கிறது. சுவைச் சக்கரம் கேட்கும் கேள்விகளிலிருந்து இவை வெகுதூரம் விலகியவை அல்ல.

இந்தச் சொற்கள் ஏட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. மாணவனாக இருந்தபோது அங்கே போய் உட்கார்ந்தது, உண்மையைச் சொன்னால், சுவைக்க அல்ல, கேட்க. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெரியவர் முப்பது வருஷம் மரம் ஏறியவர். சொன்னார்: "காலம்பற எறக்குனது பாலு மாதிரி இருக்கும் மக்ளே. உச்சி திரும்பினா அதுக்கு மீசை மொளைக்கும். அந்திக்கு அது பெரியாளு. நாளைக்கு அது கள்ளு இல்ல, காடி." தென்னங்கள்ளும் பனங்கள்ளும் நாக்கில் எங்கெங்கே வேறுபடும், மழை பெய்த மறுநாள் ஏன் நீர்த்துப் போகும், எந்தக் கள்ளில் சர்க்கரை கலந்திருக்கிறது என்று குமிழியைப் பார்த்தே எப்படிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல் இருந்தது. இளங்கள், மூத்த கள், கடுப்பு, காறல் என்று அவர் அடுக்கினார். புறநானூற்றில் நாள் கணக்கு, இவரிடம் நாழிகைக் கணக்கு, வேறுபாடு அவ்வளவுதான். சுவையறிவு என்பது ஆக்கும் அறிவின் இன்னொரு பக்கம். ஆக்குபவர் இல்லாத இடத்தில் சுவைப்பவர் உருவாக மாட்டார், குடிப்பவர்தான் உருவாவார்.

4

அந்தப் பெரியவர் எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்திருந்தால் அவருடைய தொழிலுக்கு வேறு பெயர், அவருடைய கலயத்துக்கு வேறு விதி. எங்கள் பக்கத்தில் பதநீருக்கு அக்கானி என்று பேர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பாளையிலிருந்து சொட்டுவது அக்கானி. தடவாமல் கட்டினால் கள். இதன் பின்னால் இருப்பது எளிய விஷயம்தான். பாளையிலும் காற்றிலும், கலயத்தின் அடியில் நேற்றைய மிச்சத்திலும் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. சாறு சொட்டிய கணத்திலிருந்து அவை வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கி அவற்றைத் தடுத்துவிடும். சட்டத்தின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. என் பாட்டி சொல்வாள்: "சுண்ணாம்பு தேச்சா அக்கானி, தேய்க்காட்டா கள்ளு. மரத்துக்கு என்ன தெரியும்?"

மரத்துக்குத் தெரியாது. அரசுக்குத் தெரியும். திருவிதாங்கூர் அரசு பனையேறிகளிடம் ஏறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும் வரி வாங்கியது. தலைவரி வேறு, கூலியில்லா ஊழியம் வேறு. ஆண் ஏறி இறக்கினான். பெண் விடியலிலிருந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அக்கானி காய்ச்சிக் கருப்பட்டியாக்கினாள். அய்யா வைகுண்டரின் அகிலத்திரட்டு அம்மானை இந்த வரிகளுக்கும் ஊழியத்துக்கும் எதிராகப் பேசும் பிரதி. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி, லண்டன் மிஷன் சபையிடம் பனையேறும் குடும்பங்கள் திரளாகச் சேர்ந்ததையும் இதிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது.

இங்கே என் வாதத்துக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 'ஆக்கும் அறிவு பறிக்கப்பட்டது' என்று நான் சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் பனையை விட்டு இறங்கியது பலருக்கு விடுதலை. ஒரு நாளில் முப்பது நாற்பது மரம், காலையும் மாலையும், வழுக்கினால் முதுகெலும்பு, அதற்கு மேல் 'கள்ளிறக்குகிற சாதி' என்ற ஏச்சு. பள்ளிக்கூடம் போன தலைமுறை அரிவாள்பெட்டியைத் திரும்பிப் பார்க்காததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஸ்ரீநாராயண குரு 1921இல் தம் மக்களிடம் கள்ளை ஆக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்றார். கவனியுங்கள், அவர் ஆக்குவதை முதலில் வைத்தார். குடிப்பவனை மட்டும் பேசிய அறச் சொல்லாடலில் ஆக்குபவரை நேராகப் பார்த்துப் பேசிய அபூர்வமான குரல் அது. ஏனென்றால் அவர் அந்த மக்களில் ஒருவர். அதே காலத்தில் காங்கிரஸில் இருந்த பெரியார் கள்ளுக்கடை மறியலின்போது தன் தென்னந்தோப்பையே வெட்டினார். அவர் வெட்டியது தன் தோப்பை. மற்றவர்களுடைய மரம் எவருடைய பிழைப்பு என்ற கேள்வி அப்போது மேடையில் எழவில்லை.

ஆகவே ஆக்கும் அறிவைக் கொண்டாடுவதும் ஆக்கியவர் பட்ட பாட்டைச் சொல்வதும் சேர்ந்தே நடக்க வேண்டும். பனையேற்றத்தைப் பழம்பெருமையாக்கும் இன்றைய மேடைப் பேச்சு இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. ஏறுபவரின் சாதியைப் பேசாமல் கள்ளைத் தமிழ் அடையாளமாக்குவது எனக்கு ஒப்புதல் இல்லை.

5

சட்டத்துக்கு வருவோம். வீட்டில் ஆக்குவது எப்போது குற்றமானது? பலரும் 1937 என்பார்கள். ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய வருஷம். பிறகு 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1956 நவம்பர் 1இல் எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. ஒரே பனையின் இரண்டு பக்கத்தில் இரண்டு சட்டங்கள் என்ற நிலை அப்படி வந்தது.

ஆனால் குற்றம் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஆக்குவதும் இறக்குவதும் குற்றம். கள் இறக்கும் மரத்துக்கு மரவரி. அந்தச் சட்டத்துக்குக் குடிப்பவனின் மனைவி கண்ணீரைப் பற்றிய கவலை கிடையாது. அதன் கவலை கஜானா. வீட்டில் ஆக்கினால் வரி வராது, ஆகவே வீட்டில் ஆக்காதே. அரை நூற்றாண்டுக்குப் பிறகு மதுவிலக்கு வந்தபோது அந்த ஏற்பாட்டின் மேலேயே அறத்தின் வெள்ளையைப் பூசினார்கள். முதலில் வருமானத்துக்காகத் தடுத்தார்கள், பிறகு ஒழுக்கத்துக்காகத் தடுத்தார்கள். தடுக்கப்பட்டவர் இரண்டு முறையும் ஒருவரேதான்.

அடுத்து நடந்தது தெரிந்த கதை. 1971இல் விலக்கு தளர்ந்தது; 1974இல் திரும்பவும் இறுகியது; 1981இல் கடைகள் திறந்தன; 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது; 1987இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன; 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-24இல் இதன் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலையில் ஆக்கிய பீரும் பிராந்தியும் போய்ப் போய்த் திரும்பி வந்தன. 1987இல் போன கள் மட்டும் இன்றுவரை சட்டப்படி திரும்பவில்லை. ஆலைச் சரக்கு தொழிற்சாலை வாசலில் எண்ணி, முத்திரை குத்தி, வரி போடத் தோதானது. கள் அப்படியல்ல; ஆயிரம் மரத்தில் ஆயிரம் கலயம், ஒவ்வொரு கலயமும் ஒவ்வொரு நாழிகைக்கும் வேறு. அரசின் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்காதது அரசின் அறத்துக்குள்ளும் அடங்காமல் போனது. பீரோ எப்போதும் ஒன்றுபோல் இருக்கும். 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் ஈஸ்டின் தனி வித்தைப் பிரித்தெடுத்தபோதே அந்த ஒன்றுபோலிருத்தல் சாத்தியமாகிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அரசுகளுக்கு ஏன் பீர் கள்ளைவிடப் பிடிக்கிறது என்பதற்கு அந்த ஆய்வுக்கூடத்திலும் ஒரு விடை இருக்கிறது.

மற்ற நாடுகளும் இந்த வழியில் நடந்தவைதாம். இங்கிலாந்து 1880இல் வீட்டில் பீர் ஆக்குபவர்களுக்கு உரிமம் விதித்தது. 1963இல் அதை எடுத்துவிட்டது. அமெரிக்கா 1978இல் சட்டம் இயற்றி வீட்டு பீரை அனுமதித்தது. அதற்குப் பிறகுதான் அங்கே சிறு ஆலைகளும் சுவைச் சங்கங்களும் பெருகின. வீட்டில் ஆக்கிப் பழகியவர்களிலிருந்தே அந்தத் தலைமுறையில் பலர் வந்தார்கள். இங்கே பெங்களூர் நண்பன் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று ஆலையைப் பார்க்கலாம், கோப்பைக்குப் பணம் கட்டலாம். அத்தோடு சரி.

ஆனாலும் அறிவு முழுதாகச் சாகவில்லை. வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்று ஆப்பச் சட்டி. எங்கள் பக்கத்தில் ஆப்ப மாவு பொங்கக் கள் ஊற்றுவார்கள். கள்ளுக்கடை போன பிறகு தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து ஊற்றினார்கள். இப்போது கடையில் ஈஸ்ட் பாக்கெட். இரண்டாவது வைத்தியசாலை. தசமூலாரிஷ்டமும் திராட்சாதி வகைகளும் மாதக்கணக்கில் சாடியில் ஊறி, தாதகிப் பூவின் துணையோடு புளித்துத் தாமே சாராயச் சத்தை உண்டாக்கிக்கொள்பவை. பிரசவித்த பெண்ணுக்கு அதைக் கொடுப்பதில் யாருக்கும் அறச்சங்கடம் இல்லை. மூன்றாவது பலிபீடமும் கிறிஸ்துமஸும். திருப்பலிக்கான ஒயினுக்கு அனுமதி உண்டு. ஆனால் வீட்டுப் பரணில் பீங்கான் பரணியில் ஊறும் திராட்சை ஒயினுக்குக் கிடையாது. 2019 கிறிஸ்துமஸுக்கு முன்பு கேரளக் கலால்துறையே இதைப் பற்றி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. நான்காவது சுடலைமாடன் கொடை. அகநானூற்றில் நடுகல்லுக்குத் தோப்பிக் கள் படைத்தார்கள். மாடனுக்கு இன்றைக்குப் படைப்பது கடையில் வாங்கிய குப்பி. தெய்வமும் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது.

6

"அப்படியானால் ஆளாளுக்கு வீட்டில் ஆக்கட்டும் என்கிறீரா? கள்ளக்குறிச்சி தெரியாதா?" இது நியாயமான கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கும் மேல். இந்தச் சாவுகளை ஓரமாக வைத்துவிட்டு யாரும் இதைப் பற்றி எழுத முடியாது.

எது கொன்றது என்று பார்க்க வேண்டும். கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்காக உற்பத்தியாகும் கரைப்பான் அது. அது கள்ளச் சந்தைக்குக் கசிந்து, தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் விற்கப்பட்டது. பனங்கள்ளோ அரிசிக் கள்ளோ புளிப்பதால் இப்படி ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. அங்கே நடந்ததில் அடுதலும் இல்லை, இறக்குதலும் இல்லை, சரியாகச் சொன்னால் காய்ச்சுதலும் இல்லை. வாங்குதலும் கலத்தலும் விற்றலும்தான் இருந்தன. குடித்தவர்கள் பெரும்பாலும் கடைச் சரக்கின் விலை கட்டாத கூலிக்காரர்கள். கையிலிருந்த பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று முகர்ந்தோ நாக்கில் வைத்தோ அறிய அவர்களுக்கு வழியில்லை; மெத்தனால் அப்படிக் காட்டிக்கொடுக்கிற பொருளும் அல்ல. யார் ஆக்கினார், எப்போது ஆக்கினார் என்று கேட்டு அறிய ஓர் ஆளும் எதிரில் இல்லை. சாவுக்குப் பிறகு அரசு செய்தது 1937ஆம் வருஷச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. கூட்ட வேண்டியதுதான், விஷம் விற்பவனுக்கு இரக்கம் காட்ட யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு மெத்தனால் பாக்கெட் விற்பவனும், சுண்ணாம்பு தடவாத கலயம் கட்டியவரும் ஒரே வேலிக்குள் நிற்கும் குற்றவாளிகள்தாம். விஷத்தையும் புளிப்பையும் பிரித்துப் பார்க்க அந்தச் சட்டத்துக்குச் சொல் இல்லை. சொல் இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தோம்.

குடி குடும்பத்தைக் கெடுக்கிறது என்பது பொய்யல்ல. எங்கள் தெருவிலேயே அதற்குச் சாட்சிகள் உண்டு. ஆனால் அந்தக் கேட்டை எழுபது எண்பது வருஷமாகக் குடிப்பவனின் ஒழுக்கக் கேள்வியாக மட்டுமே பேசியதில் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டும். ஆக்குவது யார் உரிமை, எந்தச் சாதியின் உழைப்பு, எந்தப் பெண்ணின் அறிவு, யாருடைய கஜானா என்ற கேள்விகள் அந்தப் பேச்சின் அடியில் புதைந்து போயின. பெரும்பாணாற்றுப்படையின் ஏழெட்டு அடிகளைத் தேர்வுக்கு வராது என்று தாண்டும் வகுப்பறையும் அந்தப் புதைப்பில் ஒரு கை மண் போட்டிருக்கிறது.

கள் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வரலாறு எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கைதான் உண்டு. குடித்தவரின் கதை போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதியாகிவிட்டது. களி கிண்டியவள், அடை தட்டியவள், மரம் ஏறியவர், சுண்ணாம்பு தேய்த்தவர், அக்கானி காய்ச்சியவள் என்று இவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. எங்கள் விளைகளில் பனையேறத் தெரிந்தவர்கள் இப்போது பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். எழுதுகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது.